போதும்பொண்ணு இருந்த திசை

ஊத்தாம்பாறையில் புடலங்காய்கள் போதும்பொண்ணு இருக்கும் பக்கமாகத் திரும்ப ஆரம்பித்த புரட்டாசி மாதத்தில், ஊர் கேட்ட முதல் கேள்வி, இப்படிக் கோணிக்கொண்டு நிற்கிற காயைத் தேனி மார்க்கெட்டில் எவன் வாங்குவான் என்பதாக இருந்தது. புடலங்காய் என்றால் பந்தலிலிருந்து நேராகத் தொங்க வேண்டும், சுருண்டுகொள்ளப் பார்க்கிற காயின் நுனியில் வாழைநாரால் ஒரு கூழாங்கல்லைக் கட்டிவிட்டால் அது சொன்ன பேச்சு கேட்டு நீண்டு வளரும், இதுதான் ஊர் அறிந்த வழக்கம். ஆனால் அந்தப் புரட்டாசியில் முழ நீளம் தாண்டிய காய்கள் எல்லாம் கட்டிய கல்லையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு, பந்தலுக்கடியில் அவள் கிழக்கே நடந்தால் கிழக்கேயும் மேற்கே நடந்தால் மேற்கேயும், தேர் வருகிற பக்கம் கழுத்தை நீட்டுகிற ஜனங்களைப் போல நுனியைத் திருப்பின. கிணற்றடியில் குனிந்து முகம் கழுவிவிட்டு நிமிர்ந்தபோது முந்நூறு காய்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தன. "என்னங்கடி?" என்றாள். காய்தானே, அவை ஒன்றும் சொல்லவில்லை. அவள் பாட்டுக்குக் களை எடுக்கப் போய்விட்டாள்.

அவளுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. நான்கு பெண்களுக்குப் பிறகு ஐந்தாவதும் பெண்ணாகவே பிறந்தால், இதோடு போதும் என்று சாமிக்குத் தெரிவிக்கும் விதமாகப் பிள்ளைக்கு அந்தப் பெயரை வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். சாமிக்குத் தெரிந்ததோ இல்லையோ, பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்துவிடும். கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து எட்டு மாதத்தில் திரும்பி வந்தவளுக்கு அவள் தம்பி ஊருக்கு மேற்கே கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த அரை ஏக்கர் பந்தலையும், அதை ஒட்டி ஓட்டுவீடு ஒன்றையும் ஒதுக்கிக் கொடுத்துவிட்டுச் செத்துப்போனான், தம்பி பிள்ளைகள் திருப்பூருக்குப் போனார்கள், போனவர்கள் போனவர்கள்தான். இருபத்திரண்டு வருஷமாக அவள் அந்தப் பந்தலில் புடலை போட்டாள், விதையைத் தானே எடுத்தாள், பழுத்து வெடித்த காயின் சிவந்த சதையைப் பிசைந்து விதையைப் பிரித்துச் சாம்பலில் புரட்டிக் காயவைத்து, ஆடி முதல் வெள்ளியன்று கேட்டு வருகிற வீடுகளுக்கெல்லாம் பிடி பிடியாக அள்ளிக் கொடுத்தாள். விதை எடுத்து வைக்கிற பாட்டை அவள் படும்போது நாம் எதற்குப் பட வேண்டும் என்று ஊரில் மற்ற யாரும் விதை எடுப்பதை விட்டு வெகுகாலமாகிவிட்டது. அதனால் ஊத்தாம்பாறையில் எந்தக் கொல்லையில் புடலை படர்ந்தாலும் அது போதும்பொண்ணு வீட்டுப் புடலைதான், அந்தப் புரட்டாசியில் எந்தக் கொல்லையில் காய்த்தாலும் அது போதும்பொண்ணு இருக்கும் பக்கம்தான் திரும்பியது.

ஊர் இதை மூன்று வாரத்தில் பழகிக்கொண்டது. பறித்துக் கூடையில் போட்ட கொஞ்ச நேரத்தில் காய் நிமிர்ந்துகொள்கிறது என்று தெரிந்ததும் மார்க்கெட் ஏஜென்ட் வாயை மூடிக்கொண்டார். பூசாரி சாமி கேட்டுப் பார்த்தார், இது சாமி காரியமில்லை, காய் காரியம் என்று உத்தரவு வந்ததாகச் சொல்லிவிட்டு அவரும் தன் கொல்லையில் நான்கு விதை ஊன்றினார். பள்ளிக்கூடத்து வாத்தியார் போதும்பொண்ணு பந்தலில் இருக்கிற நேரமாகப் பார்த்துப் பிள்ளைகளுக்குத் திசைகள் நடத்தினார், காய் காட்டுவது மேற்கு என்று. லாரி ஓட்டுகிற மொக்கராசு ஒரு பெயின்ட் டப்பாவில் கொடி வளர்த்துக் கேபினில் கட்டிக்கொண்டு நாக்பூர் வரைக்கும் போய், ஒரு இடத்திலும் வழி கேட்காமல் காய் காட்டிய பக்கமாகவே வண்டியை விட்டு வீடு வந்து சேர்ந்தேன் என்று டீக்கடையில் சொன்னான், ரெண்டு நாள் சுற்றாக வந்ததைச் சொல்லவில்லை. குழாயடியில் பெண்கள் யாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாலும் சுவரோரத்துக் காய்கள் மெல்ல நகர்ந்து தெருமுனைப் பக்கம் வந்தால், "மதினி வாராக" என்று சேலையைச் சரிசெய்துகொண்டு மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். போதும்பொண்ணு போய்ச் சேரும்போது எல்லோரும் மழையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள், கோடையிலும்கூட.

முதல் வருஷம் அவளுக்கு இது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். ஐந்தாவது பெண்ணை யாரும் அதுவரை அத்தனை பேராகத் திரும்பிப் பார்த்ததில்லை. இரண்டாம் வருஷம்தான் அவள் ஒன்றைக் கவனித்தாள். முன்பெல்லாம் எதிர்வீட்டு ராக்கம்மா ஒரு கை புளி வேண்டுமென்றால் வாசலில் நின்று, "மதினி, வீட்ல இருக்கீகளா, பந்தலுக்குப் போய்ட்டீகளா?" என்று ஒரு சத்தம் கொடுப்பாள், சத்தத்துக்குப் பதில் வந்த பிறகுதான் உள்ளே வருவாள், வந்தால் கால் மணி நேரம் உட்காருவாள். இப்போது ராக்கம்மா தன் கொல்லைக் காயைப் பார்த்தாள், காய் பந்தல் பக்கம் காட்டினால் மதினி வீட்டில் இல்லை என்று பக்கத்து வீட்டில் புளியை வாங்கிக்கொண்டாள், வீட்டுப் பக்கம் காட்டினால் ஆள் இருக்கிறாள், நன்றாகத்தான் இருக்கிறாள் என்று தன் வேலையைப் பார்த்தாள். பால்காரர் கூப்பிடுவதை விட்டார், தபால்காரர் விட்டார், ரேஷன் கடையில் சர்க்கரை வந்திருக்கிறது என்று சொல்ல வருகிறவர்கள் விட்டார்கள். அவள் எங்கே என்பது ஊருக்கே தெரிந்திருந்ததால் அவள் எங்கே என்று கேட்க ஊரில் ஒருவரும் இல்லாமல் போனார்கள். வீட்டுக்குள் தனியாக உட்கார்ந்து அழலாம் என்றால் அதையும் சுவருக்கு அப்பாலிருந்து காய்கள் பார்த்துக்கொண்டிருந்தன, வெளியே போய்ச் சிரிக்கலாம் என்றால் சிரிக்க யாரும் கிடைக்கவில்லை. பேச்சு என்று ஒன்று தொண்டையில் இருப்பதே சில நாள் சாயங்காலம்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

நான்காம் வருஷம் தை மாதம் கண்ணில் புரை எடுக்க மதுரைக்குப் போக வேண்டியிருந்தது. கூட வர யாரையாவது கேட்கலாம் என்று ராக்கம்மா வீட்டு வாசலில் நின்றாள்.

"நீங்க தைரியமாப் போய்ட்டு வாங்க மதினி," என்றாள் ராக்கம்மா, மாவாட்டிக்கொண்டே. "நாங்க இங்கன இருந்தே பாத்துக்கிருவோம்."

பார்த்துக்கொள்ளவும் செய்தார்கள். அவள் பஸ் ஏறியதும் ஊரிலுள்ள காய்கள் எல்லாம் கிழக்கே திரும்பின, வீட்டு வேலைக்கிடையே எட்டிப் பார்த்தவர்கள், "இந்நேரம் ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டியிருப்பா," என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். மூன்று நாள் காய்கள் கிழக்கிலேயே அசையாமல் நின்றதைப் பார்த்து ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று முடிவு செய்தார்கள். நான்காம் நாள் ஒரு கண்ணில் பச்சைத் துணி மறைப்போடு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒற்றைக் கண்ணால் தரையைத் தடவித் தடவிப் பார்த்து அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தபோது தெருவில் எட்டுப் பேர் இருந்தார்கள், எட்டுப் பேரும் அவள் வருவது முன்னமே தெரிந்தவர்களாகத் தலையசைத்தார்கள். எப்படி இருந்தது, வலித்ததா, சாப்பிட்டாயா என்று ஒருவரும் கேட்கவில்லை.

சாயங்காலம் அவளே ராக்கம்மாவிடம் கேட்டாள், "ஏ ராக்கு, நான் போனது வந்தது பத்தி ஒருத்தரும் ஒரு வார்த்த கேக்கலையே?"

"கேக்க என்ன மதினி கெடக்கு? அதான் காயி காட்டிருச்சே," என்று ராக்கம்மா ஆச்சரியப்பட்டாள். அவள் சொன்னதில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை, அதுதான் போதும்பொண்ணுக்குத் தாங்கவில்லை.

அந்த மாசிக் கடைசியில் தோட்டக்கலைக் கல்லூரி ஒன்றிலிருந்து ஜெசிந்தா என்கிற டாக்டரம்மா ஜீப்பில் வந்து இறங்கினாள். மருந்து கொடுக்கிற டாக்டர் இல்லை, செடி படித்த டாக்டர். மூன்று நாள் பந்தலிலேயே கிடந்தாள். போதும்பொண்ணை நடக்கச் சொல்லி, நிற்கச் சொல்லி, கிணற்றைச் சுற்றி வரச் சொல்லி, காய் எத்தனை கோணம் திரும்புகிறது என்று நோட்டில் எழுதிக்கொண்டாள், இளம் இலைகளைக் கிள்ளி ஐஸ் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். போய், அடுத்த புரட்டாசியில் பந்தல் நிறையக் காய் தொங்கும்போது திரும்பி வந்தாள்.

"விதைக்குள்ள டிஎன்ஏன்னு ஒண்ணு இருக்கும்மா," என்றாள், தரையில் சம்மணம் போட்டு. "கொடி எப்படி வளரணும், காய் எவ்வளவு நீளம், எல்லாம் அதுல எழுதியிருக்கும். ஒவ்வொரு தலைமுறையும் அதப் பாத்து அடுத்த தலைமுறை காப்பி எழுதும். எழுதும்போது அங்கங்க ஒரு எழுத்து பிசகும். பிசகுனது நமக்குப் பிடிச்சிருந்தா அந்தக் காய விதைக்கு நிறுத்துவோம், பிடிக்கலேன்னா தின்னுருவோம். பேய்ப்புடல் பாத்திருக்கீங்கல்ல?"

பார்த்திருந்தாள். ஓடைக்கரை முள்ளில் படர்ந்து, முட்டை அளவுக்குக் காய்த்து, நாக்கில் வைத்தால் மறுநாள் வரை கசக்கும்.

"நம்ம புடலையும் அப்படி இருந்ததுதான். எந்தக் காலத்துலயோ எவளோ ஒருத்தி கடிச்சுப் பாத்துட்டுத் துப்பாம முழுங்கியிருப்பா, அந்தக் கொடியோட விதைய எடுத்து வெச்சிருப்பா. அப்பறம் அவ பேத்தி, அவளுக்குப் பேத்தி. கசப்பு எழுத்து அழிஞ்சு, நீளம் எழுத்து சேந்து, இப்படி வந்து நிக்குது. உங்க கொடியிலயும் எழுத்து மாறியிருக்கு, ஆனா இந்த மாதிரி நாங்க எங்கயும் பாத்ததில்ல. நீங்க எதப் பாத்தும்மா விதைக்காய் நிறுத்துவீங்க?"

"நீளமாருக்கணும், வரி பளிச்சுனு இருக்கணும்," என்றாள் போதும்பொண்ணு, கேட்டவுடன்.

"எனக்கு ஒண்ணு நிறுத்திக் காட்டுங்க."

போதும்பொண்ணு மூன்றாவது தூணுக்கடியில் கிடந்த பலகைக்கல்லில் போய் உட்கார்ந்தாள். முப்பது வயதில் கிணற்றுப் படியில் வழுக்கி விழுந்ததிலிருந்து அவளுக்கு வலது முழங்கால் சரியாக மடங்காது, ஒருமுறை உட்கார்ந்தால் எழுந்திருப்பது பெரும் பாடு, ஆகவே பந்தல் வேலையில் பாதியை அந்தக் கல்லில் இருந்தபடியேதான் முடிப்பாள். இடுப்பில் செருகியிருந்த பழஞ்சேலைக் கிழிசலிலிருந்து ஒரு நாடாவைக் கிழித்தாள், சேலைத்துணி கட்டிய காயைப் பறிக்கக் கூடாது என்பது பறிக்க வருகிறவர்களுக்குத் தெரியும், கையை நீட்டினாள், அவள் பக்கமாக நீண்டு வந்து நின்ற காய்களில் வரி பளிச்சென்று இருந்த ஒன்றைப் பிடித்துக் கட்டினாள்.

ஜெசிந்தா கல்லையும் கட்டிய காயையும் மாறி மாறிப் பார்த்தாள். "எப்பவும் இங்க உக்காந்துதானா?"

"முட்டி ஒத்துழைக்காதுல்ல. எட்டுனதுல நல்லதா ஒண்ணு பாத்துக் கட்டிர்றது."

"எட்டாதது?"

"அது சந்தைக்கு."

"இருபத்தாறு வருஷமா."

"ஆடிக்கு ஒரு பட்டம், தைக்கு ஒரு பட்டம். அம்பத்திரண்டு ஈடு ஆச்சு," என்ற போதும்பொண்ணு, சொல்லி முடிப்பதற்குள் தானே நிறுத்திக்கொண்டாள்.

"நீளத்தையும் வரியையும் நீங்க மனசுல நினைச்சீங்கம்மா," என்றாள் ஜெசிந்தா மெதுவாக. "நம்ம மனசு கொடிக்குத் தெரியாது. எதோட விதை மண்ணுக்கு வந்துச்சு, எதோட விதை வரல, அது மட்டுந்தான் அதுக்குக் கணக்கு. உங்க பக்கம் ஒரு விரக்கடை சாஞ்சது பிழைச்சுது. சாயாதது எல்லாம் கொழம்புக்குப் போயிருச்சு."

போதும்பொண்ணு தலைக்கு மேலே தொங்கியவற்றைப் பார்த்தாள். இருபத்தாறு வருஷம் இந்தக் கல்லில் உட்கார்ந்து, அக்காமார்களைப் பற்றியும், எட்டு மாதம் இருந்த வீட்டைப் பற்றியும், இருமலைப் பற்றியும் தனக்குத் தானே பேசிக்கொண்டிருந்ததெல்லாம் வீண் பேச்சு என்று நினைத்திருந்தாள். அவ்வளவு காலமும் ஒரு கூட்டம் ஈடு ஈடாக, அவள் கைக்கு எட்டிவிட வேண்டும் என்கிற ஒரே குறியோடு அவளை நோக்கி நகர்ந்து வந்திருக்கிறது. அவளை அப்படி யாரும் விரும்பியதில்லை. பொறுக்கியெடுக்கப்படாமல் நிற்பது என்றால் என்னவென்று அறிந்தவள் அவள், சாயத் தெரியாத எத்தனை காய்களைச் சந்தைக்கு அனுப்பியிருப்பாள் என்று நினைத்ததும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, "இத மாத்த முடியுமா?" என்று கேட்டாள்.

"எதுக்கும்மா மாத்தணும்? உலகத்துலயே..."

"என்னைய யாராச்சும் தேடணும் டாக்டரம்மா. இதுக இருக்க வரைக்கும் ஒருத்தரும் தேட மாட்டாக."

ஜெசிந்தா குனிந்து தன் நோட்டை மூடினாள். "வந்த வழியாவே திரும்பிப் போகணும்," என்றாள். "உங்களப் பாக்காத காயாத் தேடித் தேடி விதை எடுக்கணும். ஊர்ப் பூவெல்லாம் கலந்துரும், சாயங்காலமே பொட்டைப் பூவுக்கு உறை மாட்டி, விடியக்காலைல நீங்களே ஆண் பூவ எடுத்துத் தொட்டு வைக்கணும்."

அன்றிலிருந்து அவள் கல்லில் உட்காருவதை விட்டாள். முதல் பட்டத்தில் அவளைப் பார்க்காத காய் என்று ஒன்றுகூட இல்லை. வடமேற்கு மூலையில் ஒரே ஒரு காய் மற்றவை திரும்பிய பிறகு சற்றுத் தயங்கித் திரும்பியது. அந்தத் தயக்கத்துக்காக, மடங்காத காலோடு ஏணி வைத்து ஏறி அதற்குச் சேலைத்துணியைக் கட்டினாள். அடுத்த பட்டத்தில் தயங்கியவை ஆறு, அதற்கடுத்து முக்கால்வாசி மட்டும் திரும்பியவை சில. சாயங்காலம் நோட்டுத்தாளில் கூம்பு மடித்து மொட்டுகளுக்கு மாட்டினாள், விடியற்காலையில் வெள்ளை நூல் பிரிந்ததுபோல் விரிந்திருந்த ஆண் பூக்களைக் கிள்ளிக் கொண்டுபோய்க் கூம்புக்குள் தடவிவிட்டு மறுபடி மூடினாள், அந்துப்பூச்சிகள் வந்து கூம்பில் மோதிவிட்டுப் போயின. கையைக் கண்டதும் ஓடி வருகிற காய்களைப் பறித்துச் சந்தைக்குப் போட்டாள், முகம் கொடுக்காத காய்களின் விதையை ஊன்றி வளர்த்தாள். பெற்ற பிள்ளைகளில் பாசக்காரியை விரட்டிவிட்டு முசுடுக்குச் சோறு போடுகிற தாய் மாதிரி இருந்தது அவளுக்கு. சில நாள் பறிக்கிற காயிடம், "கோவிச்சுக்காதடி" என்று சொல்லிவிட்டே பறித்தாள்.

நான்கு வருஷம், எட்டு ஈடு. ஊருக்கு மட்டும் பழைய விதையையே கொடுத்து வந்தாள், ஊரும் தன் காயைப் பார்த்து அவள் பந்தலில் இருப்பதைத் தெரிந்துகொண்டு, பந்தலில் என்ன நடக்கிறது என்று ஒருநாளும் வந்து பார்க்கவில்லை. ஐந்தாம் ஆடியில் கைநிறையப் புது விதை இருந்தது. முதல் வெள்ளியன்று வந்தவர்களுக்கெல்லாம் அதைப் பிடி பிடியாகக் கொடுத்தாள். வித்தியாசம் எதையும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

புரட்டாசி வந்தது. காய்கள் விரலளவாயின, சாணளவாயின, முழம் தொட்டன. அன்று காலை அவள் பந்தலுக்குள் போனாள், ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும் நடந்தாள். முந்நூறு காயும் நேராகத் தொங்கின. கையை நீட்டிப் பார்த்தாள். கிணற்றைச் சுற்றி வந்து பார்த்தாள். கடைசியில் வெட்கத்தை விட்டு, "ஏடி" என்று கூப்பிட்டும் பார்த்தாள். காற்றுக்கு ஆடியதைத் தவிர ஒன்றும் அசையவில்லை. நினைத்ததைச் சாதித்துவிட்டவள் தென்மூலையில், கொடி தழைத்து மறைத்த இடத்தில், வெறுந்தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, இனி இந்த உலகத்தில் தன்னைப் பார்க்க ஒரு காய்கூட இல்லை என்று சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

அதே நேரத்தில் ஊருக்குள் வாசல் தெளிக்க வந்த ராக்கம்மா, மணி பார்ப்பதுபோல் கொல்லைக் காயைப் பார்த்தாள். காய் நேராக மண்ணைக் காட்டியது. பக்கத்து வீட்டுக் காயும் மண்ணைக் காட்டியது, பூசாரி வீட்டுக் காயும் மண்ணைத்தான் காட்டியது. அவள் இருக்கும் இடத்தைத் தவிர வேறெதையும் காட்டியறியாத காய்கள், இப்போது எல்லாமாகச் சேர்ந்து மண்ணுக்குக் கீழே காட்டுகின்றன என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று ராக்கம்மாவுக்கு ஒருவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வாளியைப் போட்டுவிட்டு மேற்கே ஓடினாள். ஓடுகிறவளைப் பார்த்து மற்ற வீடுகள் காயைப் பார்த்தன, பார்த்தவர்கள் எல்லாம் ஓடினார்கள்.

"மதினி!" என்று வேலிக்கு அப்பாலிருந்து சத்தம் வந்தது. "மதினியோவ்! எங்கன இருக்கீக?"

போதும்பொண்ணு அழுகையை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தாள்.

வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து, "தண்ணி தெளிவாத்தான்டா இருக்கு" என்கிறான் மொக்கராசு, குரல் உடைந்து. "எக்கா! எக்கோவ்!" என்று ஓடைப் பக்கம் யாரோ போகிறார்கள். பூசாரி வைக்கோல் போரைப் பிரிக்கச் சொல்கிறார். "கண்ணு ஆபரேசனுக்குத் தனியா அனுப்பிச்சோமே பாவி, நாம ஒரு வார்த்த கேட்டமா," என்று ராக்கம்மா மாரில் அடித்துக்கொள்கிற சத்தம் கேட்கிறது. ஊரே வந்து நிற்கிறது, ஊரில் ஒருவருக்கும் அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை. இருபதடி தள்ளி, இலைக்குப் பின்னால்தான் இருக்கிறாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், இருக்கேன் என்று. அவர்கள் படுகிற பாடு அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது.

"போதும்பொண்ணு!" என்று ராக்கம்மா முறைப்பெயரை விட்டுவிட்டு, முழுப் பெயரையும் சொல்லி, தொண்டை கிழியக் கூப்பிட்டாள்.

சொல்ல வாயெடுத்தவள், இன்னும் ஒரே ஒரு தடவை கூப்பிடட்டும் என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.